நவுஷாத் கடை வெல்லம்

ஜெயிலில் இருந்த காலத்தில் நவுஷாத் பாய் ஒரே ஒரு வாரம்தான் கடையை மூடி வைத்திருந்தார். மற்றபடி தினமும் விடியற்காலைப் பஜ்ர் தொழுகை முடித்த கையோடு, வார்டர் வந்து கம்பிக் கதவைத் திறப்பதற்குள், மனசுக்குள்ளேயே தன் கடை ஷட்டரைத் தூக்கிவிடுவார். அந்த ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்ளும். இடது கையால் ஒரு குத்து விட்டால்தான் மேலே போகும். ஜெயிலிலும் அந்தக் குத்தை விடாமல் அவர் கடை திறந்ததில்லை.

கடை இருப்பது கள்ளக்குறிச்சி கடைத்தெருவிலிருந்து திரும்பும் ஒரு சந்தில். அவருடைய அத்தா ஷேக் பரீத் வைத்த கடை. வலது பக்கம் கடுக்காய், புளி, தேன், சாமை என்று கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சரக்கு. இடது பக்கம் உப்பு, மிளகாய், பருப்பு என்று மலைக்கு ஏறும் சரக்கு. நடுவில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வெல்லம். ஜெயில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி பாய் இவ்வளவையும் அடுக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, தராசைத் துடைத்து வைத்துவிட்டு வியாபாரத்துக்கு உட்காருவார்.

அவரை உள்ளே கொண்டுவந்து போட்டதே அந்த வெல்லம்தான்.

மலையில் வெல்லத்துக்கு இரண்டு உபயோகம் உண்டு. ஒன்று சாமிக்கும் பிள்ளைகளுக்கும். இன்னொன்று, ஓடைக்கரைப் பேரலில் கடுக்காயோடு ஊறிச் சாராயமாவதற்கு. கடைத்தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது. ஆனால் வாங்க வருகிறவரிடம் எதுக்கு என்று கேட்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. சரக்கு கடைப்படி இறங்கிவிட்டால் அது வாங்கினவன் சரக்கு, வாங்கினவன் பாடு. பொன்னுரங்கம் என்று ஒருத்தன் மாதக்கணக்கில் வந்து சிப்பம் சிப்பமாக வெல்லம் தூக்கிப் போனான். ஒரு சிப்பம் என்பது முப்பது கிலோ மூட்டை. ஒரு தடவைகூட அவன் பேரம் பேசவில்லை. மாவிளக்குக்கு வெல்லம் வாங்குகிறவன் பேரம் பேசாமல் போவானா? பாய்க்கு அது உறுத்தாமல் இல்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வியாபாரம் போய்விடும். அதனால் அவர் கேட்கவில்லை.

ஒருநாள் மலை ஓடையில் போலீஸ் ஊறலைக் கொட்டி அழித்தபோது, பக்கத்தில் காலிச் சாக்குகள் கிடந்தன. அத்தனையிலும் நீலச் சாயத்தில் ஒரு தராசுப் படம். அது அத்தா காலத்து அடையாளம். தகரத் தகட்டில் தராசு வெட்டி வைத்திருந்தார்கள். அதைச் சாக்கின்மேல் வைத்து நீலம் தடவினால் படம் விழும். கடையை விட்டு அடையாளம் இல்லாமல் ஒரு மூட்டை வெளியே போகாது. மலையில் பாதி வீடுகளில் அந்தச் சாக்கில்தான் மரவள்ளிக் கிழங்கு கட்டி வைத்திருப்பார்கள். ஸ்டேஷனில் மேஜைமேல் சாக்கை விரித்துப் போட்டு, "இந்த மார்க் யாரோடது?" என்று கேட்டார்கள்.

"சாக்கு எங்க வேணா போவும் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் பாய்.

சாராயக் கேஸ் போட்டு, அதற்குமேல் குண்டர் சட்டத்திலும் உள்ளே போட்டார்கள். சரக்கேற்றப் போன அவருடைய குட்டி வண்டியையும் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள்.

உள்ளே முதல் சில நாள் அவர் எதிர் அறைக்காரர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிலர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் நானும் இப்படித்தான் ஆகிவிடுவேன் என்று அவர் பயந்தார். மறுநாள் காலையில்தான் முதன்முதலாக ஷட்டரைத் தூக்கினார். கிறுக்குப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த கிறுக்குத்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்குக் கஞ்சி தொண்டையில் இறங்கியது.

பாயின் அறையில் பிரவீன்குமார் என்று உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருத்தன் அடிதடிக் கேஸில் இருந்தான். வாய்த் துடுக்கு ஜாஸ்தி.

"இன்னா பாய், காத்தால தனியா பேசிக்கினு, கையக் கைய ஆட்டறீங்க?"

"வியாபாரம் பண்றேண்டா. தொந்தரவு பண்ணாத."

"அப்டியா? எனக்குக் கால் கிலோ கடலைப் பருப்பு குடுங்க."

பாய் முறைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, வெறும் கையால் தராசைப் பிடித்து, பருப்பை அள்ளிப் போட்டு, காகிதத்தில் மடித்து நீட்டினார். பையன் வாங்கிக்கொண்டு கையை எடுக்காமல் நின்றான். "கொசுறு எங்க?" என்றான். பாய் ஒரு துண்டு வெல்லத்தை உடைத்து அவன் கையில் வைத்தார். வெறும் காற்றுதான். ஆனால் அன்றிலிருந்து அறையில் இருந்த நாலு பேரும் வாடிக்கை ஆகிவிட்டார்கள்.

மனைவி ரஜியா மாதத்துக்கு ஒருமுறை மனு பார்க்க வருவாள். கைதியைப் பார்க்க வருவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர், நடுவில் ஒரே கூச்சல். கடையை விடாமல் திறந்து வைத்திருப்பதாகச் சொன்னாள். யாராவது வருகிறார்களா என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினாள். அப்புறம் தானாகவே சொன்னாள்.

"அந்த மலைக்கார இருசம்மாள் மட்டும் வராங்க. கடுக்காய நம்ம கடையிலதான் போடறாங்க. எதுத்தாப்ல கூப்ட்டாலும் போறதில்ல. பாய் வரட்டும், பாய் வரட்டும்னு சொல்லிக்கினு இருக்காங்க."

இருசம்மாளை அவருக்கு நன்றாகவே தெரியும். வெள்ளிமலைக்கும் மேலே உள்ள ஊர்க்காரி. உப்பு வாங்கினாலும் பேரம், சீரகம் வாங்கினாலும் பேரம். எவ்வளவு கொசுறு கொடுத்தாலும் "கொசுறு பத்தல பாய்" என்று சிரிக்காமல் போகமாட்டாள். அன்றிலிருந்து ஜெயில் கடையில் முதல் போணி அவளுக்குத்தான். தினமும் வந்து, தினமும் அதையே சொல்லிவிட்டுப் போனாள்.

கடையை மூடிய வாரமும் ஒன்று வந்தது. காவலை ரத்து செய்யச் சொல்லிப் போட்ட மனு தள்ளுபடி ஆனது. அதற்கடுத்த காலை பாய் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தொழுகை இல்லை, கஞ்சி இல்லை. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார், எத்தனை குத்து விட்டாலும் ஏறவில்லை. அவர் பார்த்துப் பயந்த அந்த மனிதர்களில் ஒருத்தராக ஆகிக்கொண்டிருந்தார். அது அவருக்கே தெரிந்தது, தெரிந்தும் பேசாமல் படுத்துக் கிடந்தார்.

ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிரவீன்குமார் தலைமாட்டில் வந்து நின்று கத்தினான்.

"யோவ் கடைக்காரரே! பண்டிகை வருது, சேமியா வாங்கணும். இத்தினி நாளா கடையச் சாத்தி வச்சிக்கினு இருந்தா ஜனங்க இன்னா பண்ணும்?"

அவன் பின்னால் மற்றவர்களும் தட்டோடு வந்து நின்றுகொண்டு, எனக்கு மிளகாய், எனக்குப் புளி என்று சத்தம் போட்டார்கள். ஒருத்தன் முந்திக்கொண்டு உள்ளே வரப் பார்த்தான். பாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வரிசையில நில்லுங்கடா!" என்று அதட்டிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எல்லோரும் சிரிப்பது தெரிந்தது. அவர் அழுதுவிட்டார். அழுதுகொண்டே சேமியா நிறுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கடையில் வேறு ஒரு வேலையும் செய்தார். அதுவரை பொன்னுரங்கத்தை உள்ளே விட்டதே இல்லை. அவன் முகம் சந்தில் தெரிந்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இனி வரட்டும் என்று விட்டார். அவன் வந்து சிப்பத்தைக் காட்டியதும், "எதுக்கு?" என்று கேட்டார். அவன் சிரித்தான். மறுநாளும் வந்தான், மறுநாளும் கேட்டார். வெளியே கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை உள்ளே நூறு தடவை கேட்டு வாய்க்குப் பழக்கினார்.

குண்டர் சட்டக் காவல் ஒரு வருஷத்தில் முடிந்தும் கேஸில் ஜாமீன் கிடைக்கவில்லை. கடைசியில் கோர்ட்டில், சாக்கில் இருக்கும் அடையாளத்தை மட்டும் வைத்துக் குற்றம் நிரூபணமாகாது என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் ஒன்றரை வருஷம் போயிருந்தது. பிரவீன்குமார் அறை வாசல்வரை வந்து, "கடைய எனக்கு எழுதி வச்சிட்டுப் போங்க பாய்" என்றான்.

வெளியே இருந்த கடை வேறு தினுசாக இருந்தது. ஷட்டர் மட்டும் அதே இடத்தில் சிக்கியது. ஜெயில் கடையில் வரிசை நின்றது, இங்கே ஈ உட்கார்ந்தது. வழக்கமாக வாங்கும் ஹோட்டல்காரர், "வேற எடத்துல பழகிட்டோம் பாய், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். பள்ளிவாசலில் கையைப் பிடித்து விசாரிப்பவர்கள் குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள். துக்க வீட்டில் பேசுகிற குரல் அது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது. ஆனால் காலையில் திறந்த கடையை ஒரு நாளும் விளக்கு வைக்கும்முன் அவர் சாத்தவில்லை. ஆளே வராவிட்டாலும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஜெயிலில் இல்லாத சரக்கை வைத்துக்கொண்டே ஒன்றரை வருஷம் ஓட்டியாகிவிட்டது, இங்கே சரக்காவது இருக்கிறதே என்று வீம்பாக உட்கார்ந்திருந்தார்.

ரஜியா இரண்டே கட்டளை போட்டிருந்தாள். வெல்லம் சில்லறையாக மட்டும்தான், சிப்பமாக மலைக்குப் போகக் கூடாது. இன்னொன்று, அந்தத் தராசுத் தகட்டை இனி எடுக்கக் கூடாது. அதைத் துணியில் சுற்றிக் கடைக்குள் மேலே அட்டத்துப் பரணில் தூக்கிப் போட்டிருந்தாள். பாய் இரண்டுக்கும் சரி என்றார். சரி என்று சொல்லாமல் என்ன செய்வார்? அவள் ஜெயில் வாசலில் நின்ற நிற்புக்கு அவர் எதையும் மறுக்க முடியாது.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை இருசம்மாள் படியேறி வந்தாள். அவர் வெளியே வந்தபின் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மலையில் விதைப்பு வேலை, இறங்க முடியவில்லை என்றாள்.

"பாய்! இன்னா இப்படி எளச்சிப் பூட்டீங்க? ஜெயில்ல சோறு போடலியா?"

பாய்க்கு வாய் கொள்ளாத சிரிப்பு. இவளுக்குத் தெரியுமா, தினமும் முதல் போணி இவள்தான் என்று? அவர் எழுந்து தராசைத் துடைத்தார். உப்பு வாங்கினாள், மிளகாய் வாங்கினாள், இரண்டுக்கும் சண்டை போட்டாள். எல்லாம் கட்டி முடித்த பிறகு வெல்லத்தைக் காட்டி, "அப்பறம் ரெண்டு சிப்பம் வெல்லம் போட்டுடுங்க பாய்" என்றாள்.

"எதுக்கு?" என்றார் பாய்.

அவர் வாய்தான் கேட்டது. பொன்னுரங்கத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அதே குரலில் இவளைக் கேட்டுவிட்டது. இருசம்மாள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எதுக்குன்னா?"

"இல்லக்கா, ரெண்டு சிப்பம் ஜாஸ்தியாச்சே. இன்னா ஏதுன்னு தெரிஞ்சிக்கினா..."

அவள் உப்புப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்கு வம்பு வேணாம்னுதான் மொதல்ல கடைத்தெருவுல நாலு கடை ஏறி எறங்கிட்டு வரேன் பாய். எதுர்ல அடுக்கி வச்சிக்கினே, மலைக்காரிக்கு வெல்லம் இல்லன்றாங்க. ஒருத்தரு ஆதார் அட்டை கேக்கறாரு. வழியில பையக் குத்திப் பாக்கறாங்க. சரி, பாய் வந்துட்டாரு, அவுரு பட்டவரு, நம்மள அந்தக் கண்ணால பாக்க மாட்டாருன்னு இங்க வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு எங்க ஊரு ஆத்தாவுக்குப் பொங்கல். வருசத்துக்கு ஒரு வூடு வெல்லம் குடுக்கற மொற. இந்த வருசம் எங்க வூடு. போதுமா?"

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதோ போட்டுடறேன்."

"வேணாம் பாய். சந்தேகப்பட்டுக் குடுக்கற வெல்லத்த நான் எப்படி ஆத்தாவுக்கு வெப்பேன்?"

படியிறங்கிப் போய்விட்டாள். கொசுறு கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரஜியா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது பாய் கல்லாவில் உட்காராமல், வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டாள். சொன்னார். முதலில் அவள் முகம் நிம்மதியானது, சிப்பம் போகவில்லையே. அடுத்த நொடியே மாறியது.

"அவுங்ககிட்டயா கேட்டீங்க?"

"நீதானே மலைக்குக் குடுக்கக் கூடாதுன்னு..."

"நான் சொன்னது கண்டவனுக்கு. ஒரு நாய்கூட இந்தப் படி ஏறாதப்ப கடுக்காய சொமந்துக்கினு வந்தவங்க அவுங்க. நான் ஜெயிலுக்குக் கெளம்பறன்னிக்கு, பாய்க்குக் குடுன்னு தேன் குடுத்தாங்க. உள்ள வுடலன்னு நான் திருப்பி எடுத்தாந்தேன்."

பாய் படியிலிருந்து எழுந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரஜியா, நான் சிப்பத்த எடுத்துக்கினு போறேன். அனுப்பல. நானே கூடப் போறேன். பானையில போடறத என் கண்ணால பாத்துட்டு வரேன்."

"வழியில செக்போஸ்ட்டு இருக்குதுங்க."

"தெரியும்."

அவள் தூக்கை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோடு நின்றாள்.

"உங்களுக்கு உள்ள ஒரு கடை இருந்துச்சி. எனக்கு இன்னா இருந்துச்சி? அந்த வாசல்ல, வெயில்ல, பேரு கூப்புடற வரைக்கும் நின்னேன். இன்னொரு தடவ நிக்க என்னால ஆவாதுங்க."

"நீ வேணாம்னா போவல" என்றார் பாய். நிஜமாகத்தான் சொன்னார்.

ரஜியா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அட்டத்தில் கையை விட்டுத் துழாவி, துணி மூட்டையை எடுத்துப் பிரித்து, தகட்டை அவர் முன்னால் வைத்தாள். "மார்க் இல்லாம போனா திருட்டுச் சரக்கு மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நீலம் கரைக்கத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

பாய் ஆட்டோவில் சிப்பங்களோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது இருசம்மாள் வெள்ளிமலை பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள். மூட்டைகளில் ஈரம் காயாத நீலத் தராசைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொன்னத நான் நம்பறேன். கேட்டது என் பயம். இந்தச் சரக்கு எங்க கடைப்படி எறங்கிச்சி, ஆனா என் கணக்குல இன்னும் எறங்கல. ஆத்தா பானையில வுழற வரைக்கும் இது நவுஷாத் கடை வெல்லம். நானும் வரேன்."

"உங்களுக்கு இன்னாத்துக்கு பாய் வம்பு? வழியில புடிச்சா?"

"அதுக்குத்தான் வரேன்."

அவள் உப்புப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "ஏறுங்க" என்றாள்.

கச்சிராயபாளையம் வரைக்கும் இரண்டு பக்கமும் கரும்பு. கோமுகி அணையைத் தாண்டியதும் பாய் பின் சீட்டு மூட்டைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடிவாரச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏட்டு ஏறினார். பின் சீட்டில் கிடந்த மூட்டையைப் பார்த்ததும் நேராக அங்கேதான் வந்தார். கம்பியால் ஒரு குத்து குத்தி, நுனியைப் பார்த்தார்.

"வெல்லம். யாருது?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாய் எழுந்து நின்றார். ஏட்டு அவரை உற்றுப் பார்த்தார்.

"நீ அந்த வெல்லக் கேஸ் நவுஷாத் இல்ல? மறுபடியும் வெல்லமா?"

"வெல்லக் கடைக்காரன் வேற இன்னா சார் விப்பேன்?"

யாரோ சிரித்தார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. மூட்டையை இறக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டரிடம் கேட்காமல் விட முடியாது என்றார். பயணிகள் முணுமுணுத்தார்கள், கண்டக்டர் மணியைப் பார்த்தார், கடைசியில் பஸ் இருவரையும் இரண்டு சிப்பத்தையும் இறக்கிவிட்டு மலையேறிப் போய்விட்டது. அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

ஏட்டு மேஜைமேல் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தார். நீலத் தராசின்மேல் விரலை வைத்துக் கேட்டார்.

"இந்த மார்க் யாரோடது?"

அதே கேள்வி. அதே மாதிரி மேஜை. எனக்குத் தெரியாது என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றது. பாய் அதை விழுங்கினார்.

"என்னோடதுங்க. எங்க அத்தா போட்ட மார்க். போன தடவ கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன் சார், அது தப்பு. யாரு வாங்கறாங்க, எதுக்கு வாங்கறாங்கன்னு நான் கேக்கல, அதுவும் தப்பு. இது இந்த அக்கா ஊரு பொங்கலுக்குப் போவுது. நானும் கூடப் போறேன். பானையில போட்டப்பறம் வெறுஞ்சாக்க மடிச்சிக் கொண்டாந்து உங்க மேஜ மேலயே வைக்கறேன்."

ஏட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

புளியமரத்தடியில் மூட்டைகளின்மேல் ஆளுக்கொன்றாக இருவரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. பாய் செக்போஸ்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்குதா பாய்?"

"இருக்குதுக்கா. ரொம்ப இருக்குது."

பழக்கதோஷத்தில் கண்ணை மூடி ஷட்டரைத் தூக்கப் போனார். கை பாதியில் நின்றுவிட்டது. எந்தக் கடையைத் திறப்பது? சரக்கு அடியில் இருக்கிறது, நீலம்கூடக் காய்ந்துவிட்டது, வாடிக்கைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். பாய் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

அந்தி பஸ் வளைவில் தெரியும் நேரத்தில் ஏட்டு வந்தார். இருசம்மாள் ஊர்த் தலைவரான கவுண்டரிடம் போனில் பேசி, முறை யாருடையது என்று விசாரித்துவிட்டார்கள். "போங்க" என்றார். பிறகு பாயை மட்டும் பார்த்து, "சாக்கு ரெண்டும் திரும்பி வரணும்" என்றார்.

"ரெண்டும் வரும் சார்."

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பஸ் முதல் வளைவில் திரும்பியதும் பாய் ரஜியாவைக் கூப்பிட்டார். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"தாண்டிட்டேன்" என்றார்.

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கடையில ஆளு நிக்கறாங்க, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். நிஜமாகவே ஆள் நிற்கிறார்களா, சும்மா சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. எதுவானாலும் கடை திறந்திருந்தது.

ஏட்டு குத்திய இடத்தில் சாக்கு கிழிந்து, ஒரு துண்டு வெல்லம் எட்டிப் பார்த்தது. பாய் அதை எடுத்து இருசம்மாளிடம் நீட்டினார். அவள் இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவர் கையில் வைத்தாள். பாய் வாயில் போட்டுக்கொண்டார். ஒன்றரை வருஷம் தினமும் வெல்லம் நிறுத்தவர், ஊருக்கெல்லாம் கொசுறு உடைத்துக் கொடுத்தவர், அந்த ஜெயில் கடையில் ஒரு துண்டைக்கூட அவர் ருசி பார்த்ததில்லை. பார்க்க முடியாது. இப்போது அது நாக்கில் கரைந்து, எச்சில் ஊறி, தொண்டையில் இறங்கியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருசம்மாள் தன் பங்கை மென்று முடித்துவிட்டு வெறும் கையை நீட்டினாள்.

"கொசுறு பத்தல பாய்."